எல்லை காப்பார்க்கு உபகாரச் சம்பளம்

(இராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோவிலில் நிகழ்ந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஊரெல்லையைக் காக்கும் தெய்வம் அய்யனார் என்பது நம் முன்னோர் கொள்கை. அத்திருமுன்னர்க் கூடியுள்ள நாம், நாட்டின் எல்லையைக் காக்க விழையும் பிள்ளைகட்குச் செய்யவேண்டுவது யாது என ஆராய்தல் பொருத்தமேயாம்.

படையில் அதிகாரியாதற்குப் பெரும்பொருள் வேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. புனேயை அடுத்த கடக்வாசலாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் மூன்றாண்டுப் பயிற்சி, உணவு, உறையுள், சீருடை ஆகியவற்றிற்கு அரசாங்கமே செலவிடுகின்றது. சேருங்கால் வயது பதினாறரைக்குக் குறையாமலும் பத்தொன்பதரைக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண். அதில் தேறியோர்க்குத் தெரிவுக்குழு ஐந்து நாள் நடத்தும் தேர்வுக்கும் 900 மதிப்பெண்.

அங்ஙனமாயின் தடை யாது? வழி அறியாமையே. இம்மலையடிவாரத்துப் பிள்ளை கணக்கில் வல்லனாயினும், பலரோடு கூடி ஆங்கிலத்தில் வாய்திறந்து உரையாடப் பழகாமையால் அவ்வைந்து நாளில் பின்தங்குகின்றான். வேறு சிலர் செய்தியைக் கேள்வியுறும்போதே வயது கடந்துவிடுகின்றது. எம் வகுப்பறையில் இத்தகையோரைக் கண்டு யாம் வருந்தியதுண்டு.

ஆதலின் முயற்சி இளமையிலேயே தொடங்கல் வேண்டும். உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962-இல் நிறுவப்பெற்ற சைனிக் பள்ளி ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் மாணாக்கரைச் சேர்க்கின்றது. டேராடூனில் 1922-இல் தோன்றிய இராணுவக் கல்லூரி எட்டாம் வகுப்பில் சேர்க்கின்றது. இவற்றில் இப்பொழுது பெண்மக்களும் பயிலலாம். கடக்வாசலாவில் 2022-இல் சேர்ந்த முதல் மகளிர் அணியினருள் 17 பேர் 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளிவந்தனர்.

நாம் வழங்கும் உபகாரச் சம்பளமோ, பெரும்பாலும் தேர்வில் முன்னரே தேறியவர்க்குப் பரிசாக முடிகின்றது. அதில் ஒரு பகுதியை, பத்து வயதிலேயே இப்பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்குப் பயிலும் ஏழைப் பிள்ளைகட்கு ஒதுக்குவோமாக. பொருள் மட்டும் போதாது. படையிலிருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பெரியோர் ஒவ்வொருவரும் இரண்டு பிள்ளைகளை ஏற்று, ஞாயிறுதோறும் ஓட்டமும் ஆங்கிலப் பேச்சும் பழக்குவாராக. பாடங்களைக் கற்பிக்கும் பொறுப்பை ஆசிரியர்களாகிய யாங்கள் ஏற்கின்றோம்.

இன்னும் ஒன்று கூறி அமைகின்றோம். அய்யனார் காப்பது ஒரு தெருவையன்று, ஊர் முழுவதையுமாம். இப்பொருள் நம் சங்கத்தாருடையதேயாயினும், பக்கத்துத் தெருப் பிள்ளை வந்து கேட்பின் இல்லையென்னாது ஈதல் நம் கடன். எல்லையில் நிற்பவன் எல்லார்க்கும் காவலன் அல்லனோ!