மருந்தோடு முடிவதன்று மருத்துவம்

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டப்புற மக்களுக்காக நிகழ்த்தப்பட்ட சுகாதார உரையின் எழுத்து வடிவம்)

கடும் நோய் கண்டவர்களுக்கு அளிக்கப்படும் சிகிச்சை ஒருவரிடம் பலிப்பதும் இன்னொருவரிடம் பலிக்காமற் போவதும் ஏன்? இதுவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். மருத்துவமனை ஒன்று, மருத்துவர் ஒருவர், மாத்திரையும் ஒன்றே. ஆயினும் ஒருவர் ஆறு மாதத்தில் நலம்பெற்றுப் பெரட்டுக்குத் திரும்புகிறார். மற்றவர் ஓராண்டு கழிந்தும் இருமிக்கொண்டு கிடக்கிறார். இதைக் கண்டு, "எல்லாம் தலையெழுத்து" என்று கூறிவிடுவது நம்மவரிடையே வழக்கம். தலையெழுத்தின்மேல் பழியைப் போடுமுன், நம் கையில் உள்ளவை எவை என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

திருக்குறளில் "மருந்து" என்பது 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, மருந்தை அருகிருந்து கொடுப்பவர் என்பன அந்நான்கு. மருந்து நான்கில் ஒன்றுதான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஏனைய மூன்றும் மனிதர்கள். இந்தப் பகுப்பு எத்துணை உண்மையானது என்பதைக் காசநோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

காசநோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணுவோர் பலர். நம் நாட்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் பயனாகப் பல்லாயிரம் உயிர்கள் காக்கப்பட்டன. எனினும் 2022ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 25,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டது. 2,000 பேருக்கு மேல் மாண்டனர். குணப்படுத்தக்கூடிய நோயால் இத்தனை பேர் மாள்வானேன்? விடை பெரும்பாலும் மருந்துப் புட்டிக்கு வெளியே இருக்கிறது.

சென்னை காட்டிய உண்மை

காசநோய்க் கிருமியை வெல்லும் மருந்துகள் 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் கிடைத்தன. ஆயினும், மருந்து மட்டும் போதாது, நல்ல காற்றும் முழு ஓய்வும் பாலும் முட்டையும் கொண்ட சானடோரியத்தில் தங்கினால்தான் பிழைக்கலாம் என்பதே அந்நாளில் பரவலான கருத்து. ஏழை நாடுகளில் அத்தனை நோயாளிகளுக்கும் கட்டில் ஏது?

இந்த ஐயத்தைத் தீர்க்க 1956ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதன் முதல் ஆய்வுகளை நடத்தினார். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மறு பிரிவினர் தத்தம் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டனர். இரு சாராருக்கும் அதே மருந்துகள் ஓராண்டுக் காலம் அளிக்கப்பட்டன.

வீட்டில் இருந்தவர்களுக்கு இடம் நெருக்கடி, உணவு குறைவு, உடலுழைப்பு மிகுதி. ஆயினும் 1959ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தபோது, இரு பிரிவினரும் நலம் பெற்றதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதும் அதிகரிக்கவில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு வந்ததற்குத் தமிழகத்தில் நடந்த அந்த ஆய்வு ஒரு பெருங்காரணம்.

அதே நிலையம் இன்னோர் உண்மையையும் கண்டறிந்தது. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து, மருந்து உடலில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தனர். நன்கு எடுத்துச் சொல்லப்பட்டவர்களிலும் சிலர் மருந்தைத் தவறவிடுவது தெரியவந்தது. "மருந்தைக் கொடுத்துவிட்டோம்" என்பது வேறு, "மருந்து உள்ளே சென்றது" என்பது வேறு. இதனால்தான், பிறர் பார்க்க மருந்தை விழுங்கும் முறை வளர்ந்தது. இன்று நம் சுகாதார நிலையங்களில் தாதியர் முன்னிலையில் மாத்திரை உட்கொள்ளச் சொல்வது நோயாளியை நம்பாததால் அன்று. மறதியும் சலிப்பும் மனித இயல்பு என்பதை அறிந்ததால்.

நோயுற்றவரின் பங்கு

முதலாவது, காலத்தே வருதல். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், மாலைநேரக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் எதுவும் சேர்ந்தால், உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தும், மந்திரித்துக் கயிறு கட்டியும் மூன்று மாதம் கடத்திவிட்டு வருபவரின் நுரையீரல் பெரிதும் பழுதுபட்டிருக்கும். அதன்பின் கிருமி செத்தாலும் மூச்சுத்திணறல் மிஞ்சக்கூடும்.

இரண்டாவது, இறுதிவரை மருந்துண்ணல். சாதாரணக் காசநோய்க்கு இன்று சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். ஆபத்து தொடங்குவது நோயாளி நலமாக உணரும்போதுதான். ஒரு தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றுவிடுகிறது, பசி எடுக்கிறது, உடம்பில் சதை பிடிக்கிறது. "இனி மருந்து எதற்கு? ஒருநாள் வேலை போனால் ஒருநாள் கூலி போகிறதே" என்று நின்றுவிடுகிறார். அவர் உடலில் எஞ்சியுள்ள கிருமிகள் மீண்டும் பெருகும். அவற்றுள் சில அம்மருந்துகளுக்கு அடங்காதவையாக மாறவும் கூடும். அத்தகைய நோய்க்கு மருந்து வேறு, துன்பம் வேறு. அதே அடங்காத கிருமி அவர் பிள்ளைக்கும் தொற்றலாம். ஒரு நாள் கூலியைக் காக்கப் போய் ஒரு குடும்பத்தை இழப்பது எவ்வாறு சிக்கனமாகும்?

மூன்றாவது, உடனிருக்கும் நோய்களையும் பழக்கங்களையும் கவனித்தல். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். சிகிச்சை தோல்வியுறும் வாய்ப்பும் மிகுதி. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் வயது வந்தோருள் நூற்றுக்கு 31 பேர் அளவில் நீரிழிவு கண்டிருந்தது. ஆகவே காசநோய் கண்டவர் இரத்தத்தில் சர்க்கரையின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைபிடித்தல் நுரையீரலை மேலும் கெடுக்கும். சம்சுவும் பிற மதுவகைகளும் இம்மருந்துகளோடு சேர்ந்து கல்லீரலைத் தாக்கும். சிகிச்சைக் காலத்தில் இவற்றை அறவே விட்டொழிக்க வேண்டும்.

தீர்ப்பவரின் பங்கு

மருத்துவர்க்கும் தாதியர்க்கும் தோட்ட மருத்துவ உதவியாளர்க்கும் உரிய கடமையையும் நாம் சொல்லியாக வேண்டும். மருந்துச் சீட்டை நீட்டிவிடுவதோடு அவர்கள் பணி தீர்வதில்லை. ரிபாம்பிசின் என்னும் மருந்தை உண்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இது தீங்கற்றது. ஆனால் முன்கூட்டியே சொல்லப்படாத மூதாட்டி, "மருந்து இரத்தமாக இறங்குகிறது" என்று அஞ்சி மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிடலாம். நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படும் ஒரு சொல் சிகிச்சையைக் காக்கும்.

அதுபோலவே, கண் மஞ்சளித்தல், பார்வை மங்குதல், ஓயாத வாந்தி ஆகியவை காணப்பட்டால் உடனே வந்து சொல்லவேண்டும் என்பதையும் விளக்க வேண்டும். நோயாளியும் கேட்கத் தயங்கலாகாது. "டாக்டரிடம் எப்படிக் கேட்பது" என்னும் கூச்சம் நம் மக்களிடையே இன்னும் இருக்கிறது. கேட்பது மரியாதைக் குறைவன்று; அது நோயாளியின் உரிமை.

தொலைவும் ஒரு தடையே. முன்னாளில் செபராங் பிறைத் தோட்டங்களிலிருந்து ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பொது மருத்துவமனைக்கு வர, பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறிக் கடலைக் கடந்தாக வேண்டும். ஒரு நாள் முழுவதும் அதிலேயே கழிந்துவிடும். 1985இல் பினாங்குப் பாலமும் 2014இல் இரண்டாம் பாலமும் திறக்கப்பட்டன. செபராங் ஜெயா, புக்கிட் மெர்தாஜம், சுங்கை பாக்காப், கெப்பாலா பத்தாஸ் ஆகிய இடங்களிலும் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. தினமும் மருந்துண்ண வேண்டியவர், அதனைத் தம் வீட்டுக்கு அண்மையிலுள்ள சுகாதார நிலையத்திலேயே பெற முடியுமா என்று முதல் நாளே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

அருகிருந்து கொடுப்பவரின் பங்கு

இது பெரும்பாலும் வீட்டாரின் பங்கு. குறிப்பாகத் தாய்மாரின் பங்கு. நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வைத்து ஒதுக்குவதால் பயனில்லை. காசநோய் தட்டின் வழியாகப் பரவுவதன்று. இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால் பரவுவது. எனவே குவளையைப் பிரிப்பதைவிடச் சன்னலைத் திறந்து வைப்பதே அறிவுடைமை. முறையாக மருந்துண்ணத் தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைந்து குறைகிறது. வீட்டிலுள்ள மற்றவர்களும், சிறப்பாகக் குழந்தைகளும், பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது.

மகளின் திருமணம் தடைப்படுமே, அக்கம்பக்கத்தார் தூற்றுவரே என்று நோயை மறைப்பவர் உண்டு. இது பரம்பரை நோயன்று. பாவத்தின் சம்பளமும் அன்று. மறைப்பதால் நோய் மறைவதில்லை. மறைக்கப்பட்ட நோயாளி மருந்தையும் மறைவாகத்தானே உண்ண வேண்டும்? பிறகு ஒருநாள் உண்ணாமலே விட்டுவிடுவார்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். சென்னை ஆய்வைக் கொண்டு, உணவு தேவையே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2019 முதல் 2022 வரை இந்தியாவின் ஜார்கண்ட் மாநிலத்தில் நடந்த ஆய்வு ஒன்றில், 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு அரிசி, பருப்பு, பால்மாவு, எண்ணெய் முதலியவை மாதந்தோறும் வழங்கப்பட்டன. முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியவர்களிடையே மரண அபாயம் நூற்றுக்கு 60 அளவில் குறைந்திருந்தது. உணவுப் பொருள் பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாக நோய் தோன்றுவதும் நூற்றுக்கு 40 அளவில் குறைந்தது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் தெளிவாகும்: ஏழை என்பதற்காக எவரும் மருந்தின் பயனை இழக்க வேண்டியதில்லை, ஆனால் மெலிந்த உடலைத் தேற்றாமல் விடுவதும் ஆபத்து. ஆகவே பத்தியம் என்னும் பெயரால் முட்டையையும் மீனையும் விலக்கிக் கஞ்சியை மட்டும் ஊற்றுவது தவறு. நெத்திலி, முட்டை, பருப்பு, பயறு, முருங்கைக்கீரை ஆகியவை எளிய குடும்பத்திற்கும் எட்டக்கூடியவையே.

தோட்ட நிருவாகத்தினரும் தொழிற்சங்கத்தாரும் அருகிருந்து உதவுபவர்களே. நோய் கண்டவருக்கு வேலை போய்விடும் என்னும் அச்சம் இருந்தால் அவர் நோயைச் சொல்ல மாட்டார். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் ஊதியத்துடன் கூடிய மருத்துவ விடுப்புக்கு வழிசெய்துள்ளது. மருத்துவமனையில் தங்க நேரின் ஆண்டுக்கு 60 நாள் வரை அது உண்டு. இதனைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இன்று தோட்டங்களில் நம்மோடு உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் நாம் சுவாசிக்கும் காற்றையே சுவாசிக்கின்றனர். அவர்களுடைய நலமும் நம் நலமே.

நிறைவாக

காசநோய்க்குச் சொன்னவை இருதய நோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் புற்றுநோய்க்கும் பெரிதும் பொருந்தும். எல்லா நோயும் குணமாகும் என்று நாம் வாக்களிக்கவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் மீளாதவர்கள் உண்டு. அவர்கள்மேலும் அவர்தம் குடும்பத்தார்மேலும் பழி சுமத்துவது தகாது. ஆனால் காலத்தே வராததாலும், பாதியில் விட்டதாலும், உண்ண இல்லாததாலும், துணை இல்லாததாலும் இழக்கப்படும் உயிர்கள் காக்கக்கூடிய உயிர்கள்.

ஆகவே, உங்கள் லயத்திலோ அடுக்குமாடி வீட்டிலோ நெடுநாள் இருமுகிறவர் ஒருவர் இருந்தால், நாளைக் காலையிலேயே அவரைச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்துண்ணத் தொடங்கியவர் இருந்தால், "இன்று சாப்பிட்டீர்களா?" என்று நாள்தோறும் ஒரு வார்த்தை கேளுங்கள். அரசாங்கம் மருந்தைத் தரலாம். மருத்துவர் அதை எழுதித் தரலாம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.