அப்பாவின் ரீலுக்குப் புது டிராக்

போன மாதம் ஒரு பாறை மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போனதைச் சொன்னேன் இல்லையா, காரணம் கிடைச்சிடுச்சு. அப்பாவோட பழைய ஓவர்ஹெட் ரீல் அது. கைப்பிடிப் பக்கத்துத் தட்டைக் கழற்றினா, பெரிய பல்சக்கரத்துக்குள்ள இருந்த டிராக் வாஷர்கள் உப்பேறி இறுகிக் கிடந்தன. அப்புறம் நரம்பு எப்படி நழுவும்?

கார்பன் ஃபைபர் வாஷர் வாங்கி, டிராக் கிரீஸை லேசாத் தடவி, உலோக வாஷர்களோட மாத்தி மாத்தி அடுக்கினேன். கழற்றும்போதே போட்டோ எடுத்துக்குங்க. நான் எடுக்கல, ஒரு ராத்திரி போச்சு. பேரிங்குக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம், ஒரு சொட்டு எண்ணெய் போதும். இல்லேன்னா வீச்சு குறையும்.

கடைசியா ஸ்பிரிங் தராசுல நரம்பைக் கட்டி இழுத்தேன். 15 கிலோ தாங்கும் நரம்பு, 5 கிலோவுல திக்காம நழுவுது. கைப்பிடியையும் புதுசா மாத்தலாம்னாங்க. அது அப்பா பிடிச்சுத் தேஞ்ச கட்டை, மாத்தல.