பள்ளிக்கூடத்தை யாருக்கு விட்டுவிட்டு வருவது?

(சேரி மாலைப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நல்லதா, வீட்டுப் படிப்பு நல்லதா என்று பேசச் சொன்னார்கள். கேட்டால் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கு. பட்டிமன்றம் என்றால் ரெண்டு பக்கமும் கைதட்டிவிட்டு, நடுவர் தீர்ப்பைக் கேட்டு சிரிச்சுட்டுப் போயிடலாம். நமக்கு அது முடியாது. நாளைக்குக் காலையில் பிள்ளையை அனுப்புறதா வேண்டாமாங்கிற கேள்வி இது.

‘வீட்டுலயே படிக்கட்டும்’ என்ற வாக்கியத்தை ரெண்டு பேர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒருத்தர் என்னோடு வங்கியில் வேலை பார்க்கிற அதிகாரி. மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். மனப்பாடம், மார்க்கு, அடி, பயம்... பிள்ளையின் இயல்பு கெட்டுப்போகுது என்கிறார். அவர் சொல்லும் குறை எதுவும் பொய்யில்லை. வீட்டில் படித்த மனைவி இருக்கிறார், தனி அறை இருக்கிறது, அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. பரீட்சையைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாக எழுதிக்கொள்ளலாம்.

இன்னொருத்தர் நம்ம தெருக்காரர். அவர் மகளைத் தினமும் வகுப்பறை கூட்டச் சொல்லியிருக்கிறார்கள், அவளை மட்டும். கக்கூசுக்குத் தண்ணி ஊத்தச் சொன்ன அன்னைக்கு அவர் சொன்னார்: ‘போதும் சார், வீட்டுலயே படிக்கட்டும்.’ அவர் வீடு ஒரே அறை. பொழுது விடிஞ்சா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாங்க. பகலில் அந்த வீட்டில் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் கிடையாது.

வாக்கியம் ஒண்ணுதான். ஆனா அதிகாரியின் மகன் ஒரு வசதிக்குள் போகிறான். இந்தப் பெண் இருந்த ஒரே இடத்தையும் விட்டு வெளியே வருகிறாள். ரெண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவது நியாயமில்லை.

வீட்டில் படிப்பது என்னவோ புதுசாக வந்த நாகரிகம் மாதிரிப் பேசுகிறார்கள். இந்த நாட்டில் அதுதான் பழசு. புரோகிதர் மகன் அப்பனிடம் மந்திரம் படித்தான். கணக்குப்பிள்ளை மகன் அப்பனிடம் ஊர்க்கணக்கு படித்தான். திண்ணைப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தது. அந்தத் திண்ணையில் நம்ம தாத்தன் கால் வைக்க முடியாது. நமக்கும் வீட்டுப் படிப்பு இருந்தது. தோல் பதம் பண்ண, பறை காய்ச்ச, நாத்து முடிய, குழி வெட்ட எல்லாம் அப்பன் ஆத்தாகிட்டதான் கத்துக்கிட்டோம். அதில் அறிவு இல்லையா? இருக்கு. ஆனால் அவன் வீட்டில் படித்த பாடம் பத்திரமாகவும் பட்டாவாகவும் ஆச்சு. நாம் வீட்டில் படித்தது கூலியாக ஆச்சு, பல ஊரில் கூலியில்லாத வேலையாகவும் ஆச்சு. அப்பன் அறிவு பிள்ளைக்கு, பிள்ளை அறிவு பேரனுக்கு, வெளியாளுக்குக் கிடையாது. சாதி இத்தனை நூற்றாண்டு நின்றது இந்தப் பாடமுறையில்தான்.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து இதைத் தினமும் பார்க்கிறேன். முதியோர் பென்ஷன் எடுக்க வருகிற பெரியம்மாக்களுக்கு விதை தெரியும், மழை தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியும். ஒப்பாரி எடுத்தால் நான் எழுதுகிற கவிதையெல்லாம் பக்கத்தில் நிற்காது. ஆனால் சலானை நிரப்ப யாரையாவது கெஞ்சணும். மை டப்பியில் விரலை அழுத்திவிட்டு, அந்த விரலைத் தலையில் துடைத்துக்கொண்டு, கொடுத்த பணத்தை எண்ணத் தயங்கி நிற்பார்கள். வீட்டுக் கல்வியை முழுசாக முடித்தவர்கள் இவர்கள்.

இதையே சட்டமாக்கப் பார்த்தார்கள். 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி. மிச்ச நேரம் அப்பனோட தொழிலைப் பழகணும். பெண் பிள்ளை ஆத்தாவோட வீட்டுவேலை பழகணும். பெரியார் இயக்கம் அதற்கு வைத்த பேர் குலக்கல்வி. தமிழ்நாடே எதிர்த்து நின்றது. 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார், காமராசர் வந்து மே மாதம் திட்டத்தைக் கைவிட்டார். முடிஞ்சுபோன கதைதானே என்று நினைக்காதீர்கள். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை ‘உதவலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். நம்ம குடும்பத் தொழில் எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் பள்ளிக்கூடம் சொர்க்கமா? அப்படிச் சொன்னால் இந்தக் கூட்டத்திலேயே சிரிப்பார்கள். அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக சதாராவில் படித்தபோது கோணிச்சாக்கில் தனியாக உட்கார்ந்தார். அந்தச் சாக்கைத் தினமும் வீட்டுக்கு எடுத்துப் போகணும், பள்ளியில் வைக்கக்கூடாது. பியூன் வந்து ஊத்தினால்தான் தண்ணி. பியூன் வராத அன்னைக்குத் தாகத்தோடு இருக்கணும். அவர் அந்தச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் போனார்.

நம்ம காலத்துக்கு வாங்க. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவர் ஒருவர், கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். ஆசிரியர்கள் கேட்டதால் நடந்ததைச் சொன்னார். அன்று இரவே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வீடு பாதுகாப்பு என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். சாதிக்கு வாசற்படி தெரியாது. அந்த மாணவர் படிப்பை விடவில்லை. 2024 பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 எடுத்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயரிலிருக்கும் சாதியை எடு, கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடை செய் என்றெல்லாம் 2024 ஜூனில் பரிந்துரைத்தது. வீட்டுக்குள் கட்டும் கயிற்றை அவிழ்க்க எந்தக் குழுவும் வராது. பள்ளி பொது இடம் என்பதால்தான் கேள்வி கேட்க முடிகிறது.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் கருப்பினத் தாய்மார்கள் பலர் பள்ளியின் நிறவெறி பொறுக்காமல் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறார்கள். கொரோனா வந்த 2020இல் பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள கருப்பினக் குடும்பங்களில் இந்த அளவு சில மாதங்களில் 3.3 சதவீதத்திலிருந்து 16.1 சதவீதமாக ஏறியது என்கிறது அவர்கள் நாட்டுக் கணக்கெடுப்பு. அந்தத் தாய்மாரின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதே நாட்டில் இன்னொன்றும் நடந்தது. கருப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்க வைக்கணும் என்று நீதிமன்றம் சொன்னதற்காக, வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் 1959இல் பொதுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. கருப்புப் பிள்ளைகளில் சிலர் வெளியூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் தேவாலயத்தில் முடிந்ததைப் படித்தார்கள், பலருக்குப் படிப்பு அதோடு நின்றது. 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பூட்டு திறந்தது. பொதுப் பள்ளி மூடினால் இழப்பு யாருக்கு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நமக்கு அந்தச் சாட்சி வீட்டிலேயே இருக்கு. 2020 மார்ச்சில் பள்ளியைப் பூட்டினார்கள். ஒண்ணாவது முதல் எட்டாவது வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. ஒண்ணரை வருசத்துக்கு மேலே எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டுப் படிப்புதான். போன் இருந்த பிள்ளை படித்தது. ஒரு போனை மூணு பிள்ளை பங்கு போட்ட வீட்டில் என்ன நடந்தது, எந்தப் பையன் எந்தச் செங்கல் சூளைக்குப் போனான், எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு என்பது உங்களுக்கே தெரியும். சத்துணவும் நின்னுபோச்சு, அரிசியாகக் கையில் கொடுத்தார்கள், அது சோறாகி அந்தப் பிள்ளையின் தட்டில்தான் விழுந்ததா என்று யார் பார்த்தது?

வரலாற்றில் ஒண்ணைக் கவனியுங்கள். புனேயில் 1848இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தபோது சாவித்திரிபாய் மேல் சாணியையும் கல்லையும் எறிந்தார்கள். அவர்கள் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி 1855இல் தன் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். கேரளத்தில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அய்யங்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிப் போனார். பள்ளிக்கே தீ வைத்தார்கள். அதற்காக ஏர் பிடிக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்த உழவர் கூட்டம் அது. சென்னையில் 1894இல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளி திறந்தபோது அங்கே வந்து உட்கார்ந்தவர்கள் நம்ம ஆட்கள். நாம் வீட்டில் எதைப் படித்தாலும் எவனும் தீ வைக்கவில்லை. பள்ளிக்குள் நுழைந்தபோதுதான் வைத்தான். எது அவனைப் பயமுறுத்துகிறதோ அது நமக்கு வேணும்.

சரி, கக்கூஸ் கழுவச் சொன்ன பள்ளிக்கு அந்தப் பெண் என்ன செய்வது? பொறுத்துக்கோ என்று நான் சொல்ல மாட்டேன். அவள் தனியாகப் போகக் கூடாது என்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆவது பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. 17ஆவது பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனசு நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 21ஆவது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கும் இடம் உண்டு. நம்ம தெருவிலிருந்து அந்தக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பதில் தெரியாவிட்டால் நாளைக்கே போய்க் கேட்கணும். சாதியைச் சொல்லி வேலை வாங்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கு. புகாரை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்த தேதியைப் போட்டு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். புகார் கொடுத்தவனைத் தேடி வீட்டுக்கு வருவார்கள் என்பதையும் நாங்குநேரியில் பார்த்தோம். அதனால் ஒரு அப்பனாகப் போகாதீர்கள், ஒரு தெருவாகப் போங்கள். எழுத ஆள் வேணும்னா நான் வர்றேன், அது என் தொழில்.

இந்த மாலைப் பள்ளி எதுக்கு என்று கேட்கலாம். பகல் பள்ளிக்கு மாற்றாக இது இல்லை. அங்கே நம்ம பேச்சைக் கொச்சை என்று வாயடைத்தால் இங்கே அதில் பேசலாம், எழுதலாம். அங்கே சொல்லாத அயோத்திதாசரையும் இரட்டைமலை சீனிவாசனையும் இங்கே சொல்லலாம். பறை அடிக்கலாம், பிழைப்புக்காக இல்லை, பிடிச்சதுக்காக. இங்கே தெம்பு ஏத்திக்கிட்டு மறுநாள் காலையில் அங்கே முன் பெஞ்சில் போய் உட்காரணும்.

அந்த அதிகாரி மகன் பள்ளிக்கு வராவிட்டாலும் அவன் இடம் எங்கேயும் போகாது. நம்ம பெண் வராவிட்டால் அவள் இடத்தில் இன்னொருத்தி வந்து துடைப்பத்தை எடுப்பாள், அவளும் நம்ம பெண்ணாகத்தான் இருப்பாள். அதனால்தான் சொல்கிறேன், திங்கட்கிழமை அந்தப் பெண் பள்ளிக்குப் போகணும். கூடவே நாம எத்தனை பேர் போறோம்? அதை இப்பவே, இந்தக் கூட்டம் கலையறதுக்குள்ள முடிவு பண்ணுவோம்.