தாளிலே எழும் முகம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளிலே, மறைந்த முன்னோரின் நிழற்படங்களைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைப்பது நெடுநாளைய வழக்கம். 31ஆம் நாள் அந்தியேட்டியின்போது வெளியிடப்பெறும் நினைவு மலரிலும் அப்படமே முதலிடம் பெறும். ஆனால், 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் திடீரென இடம்பெயர நேர்ந்தபோது, சுவரிலிருந்த படங்கள் பல சுவரிலேயே நின்றுவிட்டன. சில குடும்பங்களிடம் எஞ்சியது, அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்ட சிறு படம் ஒன்றே. அதனைப் பெரிதாக்கினால் முகம் தெளிவதில்லை, மங்கல்தான் பெரிதாகின்றது.

இத்தகைய படத்துக்கும் பயன் தரவல்ல கைவினை ஒன்று உண்டு. அதுவே தாள்களை வெட்டி, அடுக்கி, முகத்தை உருவாக்கும் கலை.

தாள் வெட்டுக் கலை புதியதன்று. சீனத்தின் தாள் வெட்டுக் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2009இல் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், பக்கவாட்டு முகத்தைக் கருந்தாளில் வெட்டுவது பெருவழக்காயிருந்தது. ஆயின், அவ்வுருவிலே புறக்கோடு உண்டு; கண்ணும் புன்னகையும் இல்லை. தாள்களை அடுக்கும் முறையிலோ அவையும் தோன்றுகின்றன.

இதன் அடிப்படை எளியது. முகம் என்பது வெளிச்சமும் நிழலும் சேர்ந்த சேர்க்கையே. அதனை ஐந்து நிறப்படிகளாகப் பிரித்தால் போதும். மிக வெளிறிய தாள் வெட்டப்படாமல் அடியில் இருக்கும். அதன்மேல் வரும் ஒவ்வொரு தாளும் முன்னதிலும் சற்றுக் கருமையானது. தனக்குரிய நிழலையும் அதனினும் கருமையான இடங்களையும் மட்டும் தாங்கி, ஏனைய இடங்களில் வெட்டப்பட்டிருக்கும். நெற்றியின் ஒளி அடித்தாளிலிருந்து தெரியும். தலைமயிரும் புருவமும் கண்மணியும் மேற்றாளில் அமையும்.

எல்லாத் தாள்களின் நான்கு மூலைகளிலும் ஒரே இடத்திற் குறியிட்டுக்கொள்ளல் வேண்டும். அன்றேல், ஒட்டும்போது கண் ஒருபுறமும் இமை ஒருபுறமுமாகிவிடும். உட்புறத்துச் சிறு துளைகளை முதலிலும், வெளிக்கோட்டை இறுதியிலும் வெட்டுவதே முறை. வளைவு வருமிடத்திற் கத்தியைத் திருப்பாது தாளைத் திருப்புதல் நன்று. பசை மிகுந்தால் தாள் சுருங்கும். வல்வெட்டித்துறையிலே தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றும் இளைஞருக்கு இதனை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டுவதில்லை; பசையின் பாரம் ஒருபுறம் கூடினால் பட்டம் சரியும் என்பதை அவர்கள் நன்கறிவர்.

மங்கிய படம் மயிரிழைகளை மறந்திருக்கலாம். ஒளியும் நிழலும் விழுந்த பரப்புகளைப் பெரும்பாலும் மறப்பதில்லை. இக்கலைக்கு வேண்டுவதும் அப்பரப்புகளே. ஆயினும், நிழல் எங்கே முடிகிறதென்று தெரியாத இடங்கள் வரும். அங்கே கத்தி தன் விருப்பப்படி செல்லலாகாது. ஊகித்து வெட்டினால் அழகிய முகமொன்று பிறக்கும். அப்பாச்சியின் முகம் பிறவாது. முகத்தை அறிந்த முதியவர் ஒருவரை அருகே இருத்தி, கன்னம் ஒடுங்கியிருந்ததா, உதட்டோரம் சற்றே உயர்ந்திருந்ததா என்று கேட்டறிந்தபின் வெட்டுவதே தக்கது. அம்முதியவர் இருக்கும்போதே அதனைச் செய்துகொள்ளல் வேண்டும்.