பள்ளிக்கு ஒரு பிடி

 

பொம்மசந்திரா ஓசூர் சாலையில் இருக்கிறது. ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்தது. சுற்றிலும் தொழிற்சாலைகள். 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் இங்கே வந்துவிட்டது. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று பல மொழி பேசும் குடும்பங்கள் பிழைப்புக்காக இங்கே வந்து தங்கியிருக்கின்றன.

அப்படி ஒரு குடும்பத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். அம்மா தையல் வேலைக்குப் போகிறார். வீடு ஒற்றை அறை. வாடகை, கேஸ், சீட்டுப் பணம் எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை.

ஒரு நாள் மாலை மகள் வந்து சொல்கிறாள்: “அம்மா, ஸ்கூலுக்கு நூறு ரூபாய் கொண்டு வரணுமாம்.”

“அப்பாவுக்குச் சம்பளம் வரட்டும், கண்ணு.”

மறுநாள் வகுப்பில் ஒரு குரல்: “பணம் கொண்டு வராதவங்க எழுந்து நில்லுங்க.” அவள் எழுந்து நிற்கிறாள். அதற்கு அடுத்த நாளும் நிற்கிறாள். மூன்றாம் நாள் காலையில், “வயிறு வலிக்குதும்மா” என்று பாயிலேயே படுத்துக்கொள்கிறாள்.

அது வயிற்று வலி இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும்.

அந்த அம்மா கொடுக்க மனமில்லாதவரா? இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்தான் முதலில் வரி கொடுப்பார். பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்குத் தட்டில் சீர் எடுத்துப் போவார். கல்யாணத்துக்கு மொய் எழுதுவார். கடன் வாங்கியாவது செய்வார்.

பிறகு பள்ளிப் பணம் மட்டும் ஏன் கசக்கிறது? திருவிழாவுக்குக் கொடுத்தால் பந்தலும் தேரும் கண்ணுக்குத் தெரிகின்றன. சீர் எடுத்துப் போனால் மரியாதை கிடைக்கிறது. பள்ளிப் பணமோ பிள்ளையின் தலைமேல் சுமையாக வருகிறது. அது எங்கே போனது என்றும் தெரிவதில்லை. கேட்கிற முறைதான் கசக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் கல்வி இலவசம். பள்ளியில் சேர்க்க நன்கொடை கேட்கக் கூடாது. பணம் கட்டவில்லை என்று எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்கக் கூடாது.

அப்படியானால் பள்ளியை நடத்தும் பொறுப்பு அரசுடையது. கட்டடம், ஆசிரியர், கழிப்பறை, குடிநீர் எல்லாம் அரசு தர வேண்டியவை. அவற்றைப் பெற்றோரிடம் வசூலித்துச் செய்வது முறையாகாது.

கர்நாடகத்தில் 2022 அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அரசுப் பள்ளிப் பெற்றோரிடம் மாதம் 100 ரூபாய் நன்கொடை பெறலாம் என்று அது சொன்னது. விருப்பம் உள்ளவர் கொடுக்கலாம் என்றுதான் அதில் இருந்தது. ஆனாலும் எதிர்ப்பு எழுந்தது. மாதாமாதம் பள்ளியே கேட்கும்போது விருப்பம் எது, கட்டாயம் எது? கூலி வேலை செய்பவர் எப்படி இல்லை என்று சொல்வார்? சில நாட்களிலேயே அரசு அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றது.

ஊர் கூடிச் செய்த வேலை

ஊரார் மனம் உவந்து பள்ளிக்குக் கொடுத்த காலமும் உண்டு. அந்தக் கதையையும் கேளுங்கள்.

காமராசர் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த காலம். பசியோடு வரும் பிள்ளையால் படிக்க முடியாது என்பதை அவர் உணர்ந்தார். அப்போது கல்வித் துறை இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. முதலில் முழுவதும் ஊரார் உதவியால்தான் நடந்தது. பிறகு அரசும் பங்கு தந்தது. ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கிட்டார்கள். அரசு 6 காசு கொடுத்தது. ஊரார் பங்கு 4 காசு.

அந்த 4 காசுக்கு ஊரார் பணமாகவே கொடுத்தார்களா? இல்லை. அறுவடைக் காலத்தில் நெல் கொடுத்தார்கள். சிலர் காய்கறி கொடுத்தார்கள். சிலர் விறகு கொடுத்தார்கள். பிடி அரிசி கொடுத்த வீடுகளும் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது நம் பாட்டிமார்களின் பழக்கம். ஒரு பிடி குறைந்தால் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஊர் முழுவதும் ஒரு பிடி சேர்ந்தால் ஒரு பள்ளியே சாப்பிடும்.

1958இல் இன்னொரு முயற்சி நடந்தது. அதற்குப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று பெயர். அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த கடம்பத்தூரில் அது தொடங்கியது. ‘நம் பள்ளிக்கு என்ன இல்லை?’ என்று ஊரார் கூடிப் பட்டியல் போட்டார்கள். ஒருவர் கரும்பலகை கொடுத்தார். ஒருவர் மணி கொடுத்தார். நாற்காலி, தண்ணீர்ப் பானை, சாப்பாட்டுத் தட்டு, சீருடை என்று பொருள்கள் வந்தன. நிலம் கொடுத்தவர்களும் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் அது ஊரார் கண்முன்னே பள்ளிக்குள் போனது.

அந்தப் பழக்கம் இன்று வேறு வடிவில் வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெற்றோர் பள்ளிக்குக் ‘கல்விச் சீர்’ கொண்டு வருகிறார்கள். தாய்மாமன் சீர் போலவே மேளதாளத்தோடு ஊர்வலம் வரும். தட்டுகளில் தேங்காய், பழத்தோடு நோட்டுப் புத்தகங்கள் இருக்கும். பின்னால் பீரோ, மின்விசிறி, நாற்காலி, குடம், துடைப்பம் எல்லாம் வரும். பீரோ கொண்டு வந்தவருக்கும் துடைப்பம் கொண்டு வந்தவருக்கும் ஒரே வரவேற்புதான்.

பொம்மசந்திராவில் என்ன செய்யலாம்?

முதலில் பட்டியல் போடுங்கள். அரசு தர வேண்டியது எது, ஊர் உதவக் கூடியது எது என்று இரண்டாகப் பிரியுங்கள். அரசு தர வேண்டியதற்கு மனு எழுதுங்கள்.

இரண்டாவது, உழைப்பைக் கேளுங்கள். இந்த ஊரில் எலக்ட்ரீசியன், பெயிண்டர், கொத்தனார், வெல்டர், தையல்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வந்தால் உடைந்த பெஞ்சுக்குக் கால் வந்துவிடும். பணம் இல்லாத அப்பாவும் தன் மகள் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பார்.

மூன்றாவது, வீட்டில் வீணாகும் பொருளைக் கேளுங்கள். பழைய செய்தித்தாள், அட்டைப் பெட்டி, காலி பாட்டில் ஆகியவற்றைச் சேர்த்துக் கடையில் போட்டால் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கலாம்.

நான்காவது, ஆண்டுக்கு ஒரு நாள் பள்ளியில் சந்தை வையுங்கள். அம்மாக்கள் முறுக்கும் சுண்டலும் செய்து விற்கட்டும். கொடுப்பவருக்குக் கையில் ஒரு பொருள் கிடைக்கும். பிள்ளைகள் கணக்குப் பழகுவார்கள்.

ஐந்தாவது, தொழிற்சாலைகளைக் கேளுங்கள். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெரிய கம்பெனிகளுக்கு ஒரு கடமை வைத்திருக்கிறது. முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் சேரும். கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நூறு ரூபாய்க்குத் தவிக்கும் தாயிடம் போகும் முன் இந்தக் கதவைத் தட்ட வேண்டாமா? பள்ளிக் குழு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

கர்நாடகத்தில் இந்தக் குழுவை எஸ்.டி.எம்.சி. என்பார்கள். பள்ளி வளர்ச்சி, கண்காணிப்புக் குழு என்று பொருள். 2001இல் அரசு ஆணை மூலம் இது வந்தது. பள்ளி நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. கூட்டத்துக்குப் போங்கள். மொழி தெரியவில்லை என்று ஒதுங்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்வார்.

மூன்று விதிகள்

ஒன்று: பிள்ளையிடம் கேட்கக் கூடாது. பெற்றோர் கூட்டத்தில் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு: யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று வகுப்பில் சொல்லக் கூடாது.

மூன்று: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பள்ளி வாசல் பலகையில் எழுதிப் போட வேண்டும். படிக்கத் தெரிந்த நீங்கள் அந்தப் பலகையை நின்று படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கக் கற்றதன் பயனும் அதுதானே?

அந்த மகள் மறுபடியும் பள்ளிக்குப் போக வேண்டும். யாரும் அவளை எழுந்து நிற்கச் சொல்லக் கூடாது. அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து கிழிந்த திரைச்சீலையைத் தைத்துக் கொடுக்கட்டும். “இது எங்க அம்மா தைச்சது” என்று அவள் தோழிகளிடம் சொல்லட்டும்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்னென்ன தேவை? அவற்றில் அரசு தர வேண்டியவை எவை?

2. பணம் தவிர, உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு எதைக் கொடுக்க முடியும்?

3. உங்கள் பள்ளிக் குழு கடைசியாக எப்போது கூடியது? யார் யார் போனீர்கள்?