கசப்பான கிறிஸ்துமஸ்

ஸ்பானிய மொழியில் கிறிஸ்துமஸ் கீதங்களை ‘வியான்சிக்கோ’ என்பர். 15ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் செழித்த இவ்வகைப் பாட்டு, பல்லவி மீண்டும் மீண்டும் வரும் அமைப்பும் நாட்டுப்புறச் சாயலும் கொண்டது. தொடக்கத்தில் அதன் பாடுபொருள் பெரும்பாலும் காதலே. ஆல்பா பிரபுவின் அவையில் பணியாற்றிய ஹுவான் தெல் என்சினா இதில் பெயர்பெற்ற புலவர். பின்னர் தேவாலயங்கள் இவ்வடிவத்தைத் திருவிழா வழிபாட்டில் சேர்த்துக்கொள்ளவே, நாளடைவில் அது கிறிஸ்து பிறப்பைப் போற்றும் பாடலாக நிலைபெற்றது.

ஆகவே, 20ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் கிறிஸ்துமஸ் பாட்டில் காதல் துயரம் ஒலித்தபோது, பழைய உறவொன்று புதுப்பிக்கப்பட்டது எனலாம். அத்தகைய பாடல்களுள் தலையாயது, ஹோசே அல்ஃபிரெதோ ஹிமேனெஸ் இயற்றிய ‘அமார்கா நவிதாத்’, அதாவது ‘கசப்பான கிறிஸ்துமஸ்’. 1926இல் தொலோரெஸ் இதால்கோ என்னும் ஊரில் பிறந்து 1973இல் மறைந்த ஹிமேனெஸ், முறையான இசைப்பயிற்சி பெறாமலே ‘ரஞ்செரா’ பாடல்களை இயற்றிக் குவித்தவர். வயலின், டிரம்பெட், கிட்டார் வகைகள் இணைந்த மரியாச்சி குழுவின் துணையோடு காதலையும் பிரிவையும் தன்மானத்தையும் பாடுவது ரஞ்செரா.

பிரியும் காதலரைப் போகவேண்டாம் என்று இறைஞ்சுவதே இத்தகைய பாடல்களின் பொது வழக்கம். இப்பாடலோ, என்றேனும் பிரிவது உறுதியானால் அது இன்றிரவே நிகழட்டும் என்று கேட்கிறது. வதைக்கும் காதலைச் சுமந்துகொண்டு புத்தாண்டில் அடியெடுத்துவைக்க மனமில்லாத ஒருவர், வணிகர் ஆண்டுக் கணக்கை முடிப்பதுபோல், டிசம்பரிலேயே அதை முடித்துவிட முனைகிறார். விம்மலையே பாடும் முறையாக்கிக்கொண்ட அமாலியா மெந்தோசாவின் குரலில், அத்துணிவுக்கு அடியில் உள்ள வேதனையும் வெளிப்படுகிறது. இதற்கு மாறாக, ‘லோஸ் புக்கிஸ்’ குழுவின் மார்கோ அந்தோனியோ சொலிஸ் எழுதிய ‘நவிதாத் சின் தி’, அதாவது ‘நீயில்லாத கிறிஸ்துமஸ்’, ஏக்கத்தை மட்டுமே மென்மையாகப் பாடுகிறது.

மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ‘போசாதா’ என்னும் கொண்டாட்டங்களில் அக்கம்பக்கத்தார் கூடுவதும், 24ஆம் நாள் இரவில் குடும்பத்தார் ஒன்றாக விருந்துண்பதும் மரபு. எல்லாரும் கூடும் நாளில்தான் இல்லாதவர் ஒருவரின் வெற்றிடம் பெரிதாகத் தெரியும் என்பதால், பிரிவுப் பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. ஸ்பானிய மொழிக் கிறிஸ்துமஸ் இசை என்றதும், ஹோசே ஃபெலிசியானோ 1970இல் வழங்கிய ‘ஃபெலிஸ் நவிதாத்’ பாடலோடு நின்றுவிடாமல், மெந்தோசா பாடிய இக்கசப்பான பாடலையும் நேயர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.