பத்தியமும் கிழங்கு வகைகளும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது குலத்தார் வீடுகளில் ஒருவருக்கு வயிற்றுக்கோளாறு கண்டவுடன் முதலில் விலக்கப்படுவது கிழங்கு. வாயு என்ற ஒரு சொல்லே அதற்குப் போதிய தீர்ப்பாகிவிடுகின்றது. பின்னர் வியாதியஸ்தர் மாதக்கணக்காய்க் கஞ்சியும் மிளகுரசமுமாய்க் காலங்கழித்து, வியாதியினும் பத்தியத்தினாலேயே அதிகம் மெலிகின்றனர். நமது இல்லத்து மூதாட்டியார் ஒருவரை அவ்வாறு மெலியவிட்ட குற்றம் நமக்கும் உண்டு; ஆதலின் இவ்விஷயத்தைப் பேசத் துணிந்தோம்.

நம் முன்னோர் எல்லாக் கிழங்குகளையும் ஒரே கோலால் அளந்தாரல்லர். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, கிழங்குகளுள் கருணை ஒன்றனையே உண்ணத்தக்கதாகக் கொள்ளுகின்றது. மூலரோகத்திற்குச் சித்த வைத்தியர்கள் கருணைக்கிழங்கு லேகியம் கொடுப்பதும் யாவரும் அறிந்ததே. அக்கிழங்கு தொண்டையைக் காறச் செய்வது அதிலுள்ள ஊசி போன்ற நுண்ணிய ஆக்ஸலேட் படிகங்களால். தோண்டியவுடன் சமையாமல் சில நாள் வைத்திருந்து, அரிசி கழுவிய நீரில் வேகவைத்துப் புளி சேர்க்கும் வழக்கம் இக்காறலை அடக்கும்பொருட்டே உண்டாயிற்று. சிறுநீரகத்தில் கல் உடையார் மட்டும் வைத்தியரைக் கேட்டே இதனை உண்ணல் வேண்டும்.

உருளைக்கிழங்கின் கதை வேறு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இவ்விருந்தாளியின்மேல் சுமத்தப்பட்ட பழி கொஞ்சமன்று. மேனாட்டிலும் அப்படியே. சீலியாக் என்னும் குடல்நோய் கொண்ட குழந்தைகளுக்கு 1924 இல் நியூயார்க்கு வைத்தியர் ஸிட்னி ஹாஸ் ரொட்டியோடு உருளைக்கிழங்கையும் விலக்கி, வாழைப்பழம் கொடுத்தார். குழந்தைகள் தேறினமையால் கிழங்கும் குற்றவாளியென்றே எண்ணப்பட்டது. 1950 இல் ஹாலந்து தேசத்து வைத்தியர் டிக்கே என்பார், தீங்கு செய்வன கோதுமை முதலிய தானியங்களே என்று தெளிவித்தார். அவற்றிலுள்ள குளூட்டன் கிழங்கில் இல்லை.

நம் வீட்டு வழக்கும் இத்தகையதே. பூரிக்குச் செய்யும் கிழங்கில் வெங்காயம் எவ்வளவு, கடலைமாவு எவ்வளவு என்று தாய்மார்களே கூறட்டும்! குடலில் புளித்து வாயுவை எழுப்பும் சில சர்க்கரைப் பொருள்கள் வெங்காயத்திலும் பூண்டிலும் பருப்பிலும் மிகுதி. உருளைக்கிழங்கில் மிகச் சொற்பம். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் சர்வகலாசாலையார் குடல் உபாதையுடையார்க்கு வகுத்த பத்தியத்தில் வெங்காயம் விலக்கப்பட்டு, உருளைக்கிழங்கு இடம்பெற்றிருக்கின்றது. வெங்காயம் செய்த குற்றத்திற்குக் கிழங்கு தண்டனை அடைந்தது என்னலாம். சர்க்கரைவள்ளியை மட்டும் அவர்களும் அளவோடே அனுமதிக்கின்றனர்.

சமைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். வெந்த கிழங்கு ஆறினால் அதன் மாவில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் சீரணியாமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கின்றது. திடகாத்திரருக்கு அது நன்மையே; நொந்த குடலுக்கோ உபத்திரவம். ஆகையால் பழங்கிழங்கை நீக்கி, அன்றே வேகவைத்துச் சூட்டோடு குழைய மசித்து, உப்பும் சிறிது சீரகமும் சேர்த்து, முதல் நாள் இரண்டு கரண்டி மாத்திரம் கொடுக்கலாம். எண்ணெயில் பொரித்தது வேண்டாம். ஒத்துக்கொண்டால் சில நாள் சென்றபின் அளவை உயர்த்தலாம். மரவள்ளியைத் தோல் நீக்கித் துண்டாக்கி, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடல் வேண்டும். அதில் நஞ்சு உண்டு. நீரிழிவுடையார்க்கு எக்கிழங்கும் சோற்றுக்குப் பதிலாகவேயன்றிச் சோற்றோடு கூடாது.

மலத்தில் இரத்தங் கண்டாலும், காரணமின்றி உடல் இளைத்தாலும், பத்தியத்தை நம்பி வீட்டிலிருத்தல் தகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.